பனிப் பருவத்திற்கு முன்னேற்பாடு



'சீசன்' என்ற சொல்லைச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாரிடம் கூறினாலும் அவர் மனம் உடனே குற்றாலத்திற்குச் சென்றுவிடும். ஆனித் திங்கள் பிறந்து, மேற்கு மலையில் மேகம் கவிந்து, சாரற் காற்று நம் ஊர்வரை எட்டிப் பார்க்கும் நாளில், "சீசன் தொடங்கிவிட்டதா?" என்று ஒருவரையொருவர் வினவுவது நம் வழக்கம். அந்தப் பருவத்திற்கு நாம் செய்யும் ஆயத்தம் மிகச் சிறிது. ஒரு துண்டு, ஒரு சிறு குப்பி எண்ணெய், பேருந்துக்குச் சில்லறை, அவ்வளவே. இன்று நான் சொல்லவிருப்பதோ வேறொரு சீசனைப் பற்றி. ஆயத்தம் செய்யாமல் சென்றவர் விரலையும் காலையும், பல வேளைகளில் உயிரையும் இழந்த சீசன் அது. இமயமலையின் பனிச்சறுக்குப் பருவத்தையே குறிப்பிடுகிறேன்.

கரிசற் காட்டில் பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் நமக்கும், காலில் நீண்ட கட்டையைப் பூட்டிக்கொண்டு வெண்பனியின்மேல் வழுக்கிச் செல்லும் அந்தக் கலைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அதனைச் சொல்வதற்கு முன் 'பனி' என்னும் சொல்லைச் சற்று ஆராய வேண்டும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வியப்பு யாதெனில், இமயத்தில் பனிச்சறுக்கு நடைபெறும் காலமும் ஏறக்குறைய இந்த நான்கு திங்களே. ஆயினும் சொல் ஒன்றாய் இருக்கப் பொருள் வேறாய் நிற்கின்றது. நம் பனி விடியற்காலையில் புல் நுனியில் அரும்பி, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அங்குள்ள பனியோ வானத்திலிருந்து பஞ்சு போல் உதிர்ந்து, ஆள் உயரத்திற்குப் படிந்து, மாதக்கணக்கில் வீட்டு வாயிலை அடைத்து நிற்கும். புல் நுனியின் துளிக்கும், வயலை மூடும் வெண்புகைக்கும், மலையில் விழும் வெள்ளைத் துகளுக்கும், உறைந்து இறுகிய கட்டிக்கும் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்து, அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறோம். குறை கூறும் நோக்கத்தோடு இதனைச் சொல்லவில்லை. வாழ்வுக்கு வேண்டாத வேற்றுமைகளை எந்த மொழியும் பேணுவதில்லை.

காஷ்மீர மக்கள் குளிர்காலத்தையே மூன்றாகப் பகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாட்களுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். பெருங்குளிர் என்பது பொருள். அதன்பின் வரும் இருபது நாட்கள் 'சில்லை குர்த்' என்னும் சிறுகுளிர். கடைசிப் பத்து நாட்கள் 'சில்லை பச்சா', அதாவது குளிரின் குழந்தை. இந்த எழுபது நாட்களுக்கு அவர்கள் கோடையிலேயே ஆயத்தம் செய்யத் தொடங்குகின்றனர். கத்தரி, சுரை, தக்காளி முதலியவற்றை அரிந்து வெயிலில் உலர்த்தி வைக்கின்றனர். நம் வீட்டு மொட்டைமாடியில் சுண்டை வற்றலும் கொத்தவரை வற்றலும் காய்வது போலவே அவர்கள் முற்றத்திலும் காய்கள் காய்கின்றன. வேற்றுமை ஒன்றே: நமக்கு வற்றல் நாவின் சுவைக்காக, அவர்களுக்குப் பாதை அடைபட்ட நாட்களில் உயிர் வாழ்வதற்காக. கணப்புக்கு வேண்டிய கரியைச் சேமிக்கின்றனர். மண்சட்டியில் தணல் இட்டு, அதனைப் பிரம்புக் கூடைக்குள் பொருத்தி, 'பெரன்' என்னும் தளர்ந்த நீள் அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகின்றனர். 'காங்கிரி' என்பது அந்தத் தீச்சட்டியின் பெயர். அங்கிக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பவரைக் கண்டால் நம் ஊரார் அலறிவிடுவர்!

இப்போது சறுக்குக் கட்டைக்கு வருவோம். 'ஸ்கீ' என்பது பழைய நார்வே மொழிச் சொல். பிளந்த மரத்துண்டு என்பது அதன் பொருள். ஸ்வீடனில் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சறுக்குக் கட்டை ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை உடையது என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆகவே இது பொழுதுபோக்காகப் பிறந்ததன்று என்பது தெளிவு. பனியில் கால் புதையாமல் நடக்கவும், வேட்டைக்குச் செல்லவும், அண்டை ஊருக்குப் போகவும் மனிதன் கண்ட ஊர்தி அது. சேற்றில் இறங்கும் உழவன் பலகையை இட்டு அதன்மேல் நிற்கிறான் அல்லவா? உடலின் எடை பரந்த இடத்தில் பரவினால் புதைவு குறையும் என்ற அதே தத்துவமே இங்கும் உள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நார்வேயின் படை, சறுக்குக் கட்டை அணிந்த வீரர்க்கெனத் தனிப் பயிற்சி விதிகளை வகுத்தது. 1767-இல் அப்படையினர்க்குப் பரிசுப் போட்டிகள் நடத்தப்பெற்றன. சரிவில் விழாமல் இறங்குவோர்க்கு ஒரு பரிசு, ஓடிக்கொண்டே இலக்கைச் சுடுவோர்க்கு ஒரு பரிசு என்று அவை அமைந்தன. இன்று ஒலிம்பிக்கில் நாம் காணும் பனிச்சறுக்குப் பந்தயங்களின் மூதாதையர் இந்தச் சிப்பாய்களே. பின்னர் டெலிமார்க் என்னும் பகுதியைச் சேர்ந்த சோந்த்ரே நோர்ஹைம் என்ற எளிய குடியானவர், மரவேரை முறுக்கிக் குதிகாலையும் சுற்றிக் கட்டும் பிணைப்பைப் பழக்கத்தில் கொண்டுவந்தார். அதன்பின் வளைந்து திரும்புவதும் துள்ளிக் குதிப்பதும் கைகூடின. 1888-இல் பிரிட்ஜாஃப் நான்சென் ஐந்து தோழர்களுடன் சறுக்குக் கட்டையிலேயே கிரீன்லாந்தின் பனிப்பாழைக் குறுக்கே கடந்தார். சறுக்கு வண்டி, அடுப்பு, உறங்கும் பை என ஒவ்வொன்றையும் அவர் புறப்படுவதற்கு முன்பே தாமே ஆராய்ந்து அமைத்துக்கொண்டார். அந்தப் பயணம் ஐரோப்பா முழுவதும் பனிச்சறுக்கின்மேல் ஆசையை மூட்டியது.

நம் நாட்டின் கதை இத்தகைய வெற்றியில் தொடங்கவில்லை. 1841-ஆம் ஆண்டு, ஜம்முவின் தளபதி ஜொராவர் சிங் லடாக்கிலிருந்து மேற்குத் திபெத்தினுள் படை நடத்திச் சென்றார். கோடையில் அவர் பெற்ற வெற்றிகள் பல. அவர் கணக்கிடத் தவறியது குளிர்காலம் ஒன்றே. டிசம்பரில் போர் நேர்ந்தபோது, சமவெளியிலும் தாழ்ந்த மலைகளிலும் பிறந்து வளர்ந்த அவருடைய வீரர்களின் கை விரல்கள் மரத்துத் துப்பாக்கியைப் பிடிக்கவும் இயலாமற் போயின. குளிர் தாங்காமல் துப்பாக்கியின் மரக் கட்டைகளையே எரித்துச் சிலர் குளிர் காய்ந்தனர். டிசம்பர் 12-இல் ஜொராவர் சிங் களத்தில் வீழ்ந்தார். அவருடன் சென்ற படையில் திரும்பியோர் மிகச் சிலர். போரை வென்ற படைக்கலமே விறகாக மாறியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நடுங்குவதுண்டு.

சறுக்குக் கட்டையை இந்தியாவில் விளையாட்டாகப் பரப்பியவர் ஆங்கிலேய அதிகாரிகள். 1927-இல் குல்மார்க்கில் இந்திய பனிச்சறுக்குக் கழகத்தை அவர்கள் நிறுவினர். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஈஸ்டர் விடுமுறையிலும் அங்குக் கூடுவர், சறுக்குவர், விருந்துண்டு கலைவர். 1947-க்குப் பின் அந்தக் கூட்டம் கலைந்தது. விளையாட்டும் அத்துடன் ஏறக்குறைய உறங்கிவிட்டது. அந்தப் பகுதி நம் கதைக்கு அவ்வளவே.

விடுதலைக்குப் பின் வந்த முதல் குளிர்காலமே நமக்குப் பாடம் கற்பித்தது. லடாக்கின் தலைநகரான லே நகரை எதிரிகள் நெருங்கிக்கொண்டிருந்தனர். அங்குச் செல்லும் வழியில் 11,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் சோஜிலாக் கணவாய் உள்ளது. குளிர்காலத்தில் அதைக் கடக்க முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. லாஹுல் பகுதியைச் சேர்ந்த மேஜர் பிரிதி சந்த் என்பவர் தாமே முன்வந்தார். அவருடன் சென்ற ஏறத்தாழ நாற்பது பேரில் பெரும்பாலோர் அவர் நாட்டு மலைமக்கள். 1948 பிப்ரவரியில் புறப்பட்டுப் பனியின் ஊடே நடந்து, மார்ச் 8-இல் லே நகரை அடைந்தனர். பனியின் குணத்தைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர்கள் ஆதலின் அவர்களால் அது இயன்றது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் சோஜிலாக் கணவாய் எதிரிகள் வசம் இருந்தது. செப்டம்பரில் நம் படை மேற்கொண்ட தாக்குதல்கள் பலிக்கவில்லை. பெரும்பனி விழுந்துவிட்டால் வசந்தம்வரை லே நகரின் தரைவழி அடைபட்டே கிடக்கும். அப்போது அப்பகுதிப் படைக்குத் தலைவராய் இருந்தவர் குடகு நாட்டைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் திம்மையா. கணவாயின்மேல் டாங்கிகளை ஏற்றுவது என்று அவர் முடிவு செய்தார். அந்த உயரத்திற்கு அதற்குமுன் எவரும் டாங்கியைக் கொண்டுபோனதில்லை. கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடிப் பாதையை டாங்கி செல்லும் வழியாக அகலப்படுத்தியவர்கள் யார் தெரியுமா? மதராஸ் சாப்பர்ஸ் என்னும் நம் தென்னாட்டுப் பொறியியற் படையினர். 1948 நவம்பர் 1-ஆம் நாள், பனி தூறிக்கொண்டிருக்கையில், டாங்கிகள் கணவாயில் ஏறின. அன்றே கணவாய் மீட்கப்பட்டது. பருவம் முற்றுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலையைச் சில நாள் இடைவெளியில் முடித்தனர் என்பதே இதில் நாம் கருத வேண்டுவது.

அடுத்த திங்களே, அதாவது 1948 டிசம்பரில், திம்மையா குல்மார்க்கில் ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலேயர் விருந்துண்ட அதே சரிவுகளில் இந்தியச் சிப்பாய்கள் விழுந்து எழுந்து பழகினர். பின்னர் அது குளிர்காலப் போர்ப் பள்ளி என்று பெயர் பெற்றது. 1962 ஏப்ரலில் உயர்மலைப் போர்ப் பள்ளியாக உயர்த்தப்பட்டது. இன்றும் அங்கு நடைபெறுகின்றது.

அப்பள்ளியில் பயின்ற ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் வசிக்கிறார். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். பனிச்சறுக்கில் முதலில் என்ன கற்பித்தார்கள் என்று ஒருமுறை வினவினேன். கட்டையின்மேல் நிற்கக் கற்பித்திருப்பர் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "மொதல்ல உடுப்பத்தான் மாத்தச் சொன்னாங்க தம்பி. ஊர்ல இருந்து கொண்டுபோன பருத்திப் பனியன் அம்புட்டயும் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

இதன் காரணத்தை நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் நாம் பருத்தியின் மக்கள். நம் கரிசல் பருத்தியைத் தருகின்றது. சங்கரன்கோவில் தறிகள் அதனை ஆடையாக்குகின்றன. வியர்வையை உறிஞ்சி ஈரத்தைத் தன்னிடம் இருத்திக்கொள்வதே பருத்தியின் சிறப்பு. கோடையில் அந்த ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். அதே சிறப்புப் பனிநாட்டில் கேடாக முடிகின்றது. சறுக்குபவன் மேட்டில் ஏறும்போது நமக்குள்ள அளவே வியர்க்கிறான். நின்றதும் அந்த ஈரம் உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சிறிது நேரத்தில் சட்டையே உறைந்து விறைத்துவிடும். கம்பளி ஈரமானாலும் தன் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓரளவு வெப்பத்தைக் காக்கும். ஆகவே உடலை ஒட்டி ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய ஆடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் பனியும் புகாத மேலங்கி என மூன்று அடுக்காக அணிகின்றனர். காலுறைக்கும் இதே விதி. ஈரக் காலுறையுடன் இரவைக் கழிப்பவனுக்குக் கால்விரல்களில் குருதி ஓட்டம் நின்று, தசை உறைந்து, கருகிவிடும். பனிக்கடி என்று இதனைக் கூறுவர். முற்றிய பனிக்கடிக்கு விரலை அறுத்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆடைக்கு அடுத்தது உடல். சறுக்கும்போது முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்க வேண்டும். தொடைத் தசை தளர்ந்தால் மனிதன் விழுவான். நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் எடுக்கும் பஸ்கி இதற்கு மிகப் பொருத்தமான பயிற்சி. பெயரிலேயே ஸ்கீ இருக்கிறது என்று அண்ணாச்சி நகைத்தார்! உயரத்திற்கு உடலைப் பழக்குவது இதனினும் அரியது. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. விரைந்து ஏறியவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே 9,000 முதல் 12,000 அடிவரை ஆறு நாட்கள், 15,000 அடிவரை நான்கு நாட்கள், அதற்குமேல் மீண்டும் நான்கு நாட்கள் என்று படிப்படியாக நிறுத்தி ஏற்றுவது நம் படையின் முறை. இதில் வீரனும் கோழையும் ஒன்றே. உடல் தன் நாட்களைக் கேட்டுப் பெறும்.

சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர்த் திங்களில் நான் குல்மார்க் சென்றிருந்தபோது, சறுக்குக் கட்டைகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் அரைநாள் அமர்ந்திருந்தேன். வெளியே புல்வெளி இன்னும் பழுப்பாகவே இருந்தது, பனி வரவில்லை. உள்ளே ஒரு முதியவர் கட்டையைத் தலைகீழாகக் கிடத்தி, அதன் எஃகு விளிம்புகளை அரத்தால் கூர்தீட்டிக்கொண்டிருந்தார். இறுகிய பனியில் திரும்பவும் நிற்கவும் உதவுவது அந்த விளிம்பே. பின் இஸ்திரிப் பெட்டி போன்ற கருவியால் மெழுகை உருக்கி அடிப்பாகம் முழுவதும் தேய்த்தார். ஆறியதும் சுரண்டி மெருகிட்டார். கட்டை பனியின்மேல் உராயும்போது நூலினும் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகின்றது. அந்தப் படலத்தின்மேல்தான் மனிதன் வழுக்கிச் செல்கிறான். நீர் அடிப்பாகத்தில் ஒட்டாதிருக்கவே மெழுகு. கடுங்குளிருக்குக் கெட்டி மெழுகு, இளகிய பனிக்கு மென்மெழுகு என நாளுக்கு ஏற்ப அது மாறும். இறுதியாகக் காலணியைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டைச் சோதித்தார். விழும்போது அது தானாகத் திறந்து காலை விடுவிக்க வேண்டும். இல்லையேல் கட்டை முறுகும்போது எலும்பும் முறுகும். சறுக்குபவரின் எடைக்கு ஏற்றபடி அதனைத் திருகி அமைத்தார். ஒரு கட்டைக்கு அவர் செலவிட்ட பொறுமையைக் கண்டு, நம் ஊர்த் தறிக்குப் பாவு பூட்டுபவரை நினைத்துக்கொண்டேன்.

ஆடையும் உடலும் கருவியும் ஆயத்தமான பின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. அது பனியைப் படித்தல். கிணறு வெட்டுவோர் கரிசல், சுக்கான்கல், பாறை என்று மண்ணின் அடுக்கைப் பார்த்து நீரைக் கணிப்பது போல, மலையில் குழி தோண்டிப் பனியின் அடுக்கைப் பார்ப்பர். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நடுவே சர்க்கரை போல் ஒட்டாத அடுக்கு ஒன்று அகப்பட்டுவிட்டால், அதன்மேல் கிடக்கும் பனி முழுவதும் ஒருநாள் பாளமாக வழுக்கி இறங்கும். அதுவே பனிச்சரிவு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சாய்வில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் அதுவே என்பது இயற்கையின் கொடுமை. புதையுண்டவரை முதல் கால் மணி நேரத்திற்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அதன்பின் நம்பிக்கை விரைவில் குறையும். எனவே அலைக்குறி அனுப்பும் சிறு கருவி, துழாவும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் உடன் கொண்டு செல்கின்றனர். இந்தப் பனிச்சரிவுகளை ஆராய்வதற்கென்றே 1969-இல் மணாலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 2020-இல் அது வேறொரு பாதுகாப்பு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டது.

இத்தனை அறிவும் ஒரு பள்ளியில் இருந்தது. நாடு முழுவதற்கும் அது எட்டவில்லை. 1962 அக்டோபரில் கிழக்கே நம்கா சூ ஆற்றங்கரையில், 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நம் வீரர்கள் கோடைக்காலப் பருத்தி உடுப்புடனும் ஆளுக்கு ஒரு கம்பளிப் போர்வையுடனும் நிறுத்தப்பட்டிருந்தனர். அக்டோபர் 20-இல் சீனப் படை தாக்கியது. உயர்மலைப் போர்ப் பள்ளி அப்பெயர் பெற்று ஆறு திங்களே ஆகியிருந்தது. அங்கே வீழ்ந்தவர்களின் வீரத்தில் குறையில்லை. அவர்களை அனுப்பியவர்களின் முன்னேற்பாட்டில் குறை இருந்தது என்று வரலாறு கூறத் தயங்குவதில்லை. பஞ்சு விளையும் நாட்டில் பிறந்தவன் என்ற முறையில், அந்தப் பருத்தி உடுப்புச் செய்தி என்னை மிகவும் வருத்துகின்றது.

அதன்பின் நிலைமை மாறியது. உயர்மலைப் போர்ப் பள்ளியின் தலைவராய் இருந்த கர்னல் நரேந்திர குமார், 1961-இல் நீலகண்ட சிகரத்தில் பனிக்கடியால் நான்கு கால்விரல்களை இழந்தவர். அந்தக் காலுடனேயே 1978-இலும் 1981-இலும் சியாச்சின் பனியாற்றில் படையெடுத்து ஏறி, அதன் நிலவியலைப் பதிவு செய்தார். அவர் தந்த படங்களும் குறிப்புகளும் 1984 ஏப்ரல் 13-ஆம் நாள் தொடங்கிய 'மேகதூதம்' நடவடிக்கைக்கு அடிப்படையாயின. ஆனால் அப்போதுங்கூட, ஐரோப்பாவில் வாங்கிய பனி உடைகள் வந்து சேர்ந்தது முந்திய நாள் மாலையில்தான்! ஒருநாள் தாமதித்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உடை வந்தும் முதற் குழுவில் சென்றவருள் பலர் பனிக்கடிக்கு ஆளாயினர்.

முறையாக ஆயத்தம் செய்தவரையும் மலை சில வேளை விடுவதில்லை. 2010 பிப்ரவரி 8-இல் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க் சரிவில் பயிற்சியில் இருந்த உயர்மலைப் போர்ப் பள்ளி வீரர்கள்மேல் பனிச்சரிவு விழுந்து, குறைந்தது 17 பேர் மாண்டனர். கற்கச் சென்ற இடத்திலேயே அது நிகழ்ந்தது. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் காவல் நிலை பனிப்பாளத்தில் புதையுண்டது. அங்கிருந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பிரிவில் பணியாற்றியவர்கள். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்கள் கழித்துக் கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா ஒருவரே உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-இல் தில்லி மருத்துவமனையில் காலமானார். தேனியும் மதுரையும் நமக்கு எவ்வளவு தொலைவு? தொடக்கத்தில் நான் கூறிய உறவு இதுதான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் சிலர் நாளை அந்த மலைக்குச் செல்வீர்கள்; பனியையே கண்டறியாத ஊரிலிருந்து செல்வீர்கள்.

விளையாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1964-இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் ஜெரமி புஜாகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா காலடி வைத்தது அதுவே முதல் முறை. அவர் போலந்து நாட்டுப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1968-இல் ஆஸ்திரிய நாட்டின் பழைய உலக வீரர் ருடால்ஃப் மாட் அழைக்கப்பட்டு, குல்மார்க் பனி விளையாட்டிற்கு ஏற்ற இடம் என்று தேர்ந்து கூறினார். 1988-இல் சைலஜா குமார் என்ற பெண்மணி கால்கரி ஒலிம்பிக்கில் சறுக்கினார். குல்மார்க்கின் கம்பிவட ஊர்தி 1998-இல் முதற் கட்டமாகவும், 2005-இல் அஃபர்வத் மலைமுகடு நோக்கி இரண்டாம் கட்டமாகவும் திறக்கப்பட்டது. 2018-இல் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார். பனிச்சறுக்கில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பன்னாட்டுப் பதக்கம் அது. இளைஞர் பெரிதும் விரும்பும் ஒற்றைப் பலகைச் சறுக்கு, 1965-இல் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்களுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை இணைத்துக் கட்டிய பொம்மையிலிருந்து வளர்ந்தது. 1998-இல் நாகானோவில் அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று.

2020 முதல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள் குல்மார்க்கில் நடைபெறுகின்றன. அவற்றிற்கு ஆயத்தம் செய்வோர்க்கு அண்மையில் ஒரு புதிய தொல்லை வந்துள்ளது. 2024 ஜனவரியில், சில்லை கலானின் நடுநாட்களில், குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. மெழுகிட்ட கட்டைகள் கொட்டகையில் அடுக்கியபடியே இருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் திரும்பிச் சென்றனர். வழிகாட்டிகளும் குதிரைக்காரர்களும் வருவாய் இழந்தனர். பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கவிருந்த விளையாட்டுகள் அத்திங்கள் 21-ஆம் நாளுக்குத் தள்ளப்பட்டன. மறு ஆண்டும் அப்படியே ஆயிற்று. 2025 பிப்ரவரி 22-இல் தொடங்கவிருந்த போட்டிகள் போதிய பனியின்மையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தப்பெற்றன. சில்லை பச்சாவும் முடிந்துவிட்ட பிறகு, நம் நாட்காட்டியில் மாசித் திங்களின் கடைசி வாரத்தில், இந்திய வீரர்கள் தங்கள் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினர்.